கயிறு பிடித்த மூசாக்கனியார்

மரைக்கான்துறையிலிருந்து சங்கு குளிக்கப் போகும் வத்தை என்னும் படகுகளில் கயிறு பிடித்துப் பிழைத்தவர் மூசாக்கனியார். கடலடியில் இறங்கிச் சங்கு பொறுக்குகிறவருக்குக் குளியாள் என்று பெயர். அவருக்கு ஊருக்குள் தனி மதிப்பு உண்டு. அவருடைய இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வத்தையின் விளிம்பில் உட்கார்ந்திருப்பவரை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. குளியாள் கனத்த கல் ஒன்றின்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கி, ஆறேழு ஆள் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சு முட்டினால் கயிற்றை இரண்டு முறை சுண்டுவார். மேலே இருப்பவர் அடுத்த கணமே இழுத்தெடுக்க வேண்டும். இந்த வேலையைத்தான் மூசாக்கனியார், இது நடந்த காலத்தில், பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்தார்.

விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபுஹு பாங்குக்கு முன்பே எழுந்து, ஊற்றிலிருந்து நீர் சுமந்து வந்து தொழுமுன் கைகால் கழுவுவதற்கான பள்ளிவாசலின் ஒளுத் தொட்டியை நிரப்புவார். யாரும் அவரை அந்தப் பணிக்கு வைக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. தொழுது முடித்ததும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையேந்தி ஒரே ஒரு துஆக் கேட்பார். "யா அல்லாஹ், எனக்குள்ள இருக்கிற இந்தப் பயத்த எடுத்துரு" என்பதே அது. பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டும் பயம் போனபாடில்லை.

ஆம், அவர் பயந்த மனிதர்தான். அதை மூடி மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய வாப்பா குளியாளாக இருந்தவர். ஒரு நாள் இறங்கினார், மேலே வரவில்லை; வெறுங்கயிறுதான் வந்தது. அந்த ஈரக் கயிற்றை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்ட நாள் முதல் மூசாக்கனியாருக்குக் கடல் என்றால் குலை நடுங்கும். நீந்தவும் கற்கவில்லை. முழங்கால் அளவு நீரில் நின்றாலே அவருக்கு வாய் உலர்ந்துவிடும். வேறு பிழைப்பு தெரியாததாலும், கரையேற்ற வேண்டிய தங்கை ஒருத்தி இருந்ததாலும் கண்ணை மூடிக்கொண்டு வத்தையில் ஏறினார்.

அந்தத் தங்கை சுலைகாவை மணந்த காசீம், துறையிலேயே தேர்ந்த குளியாள். மணமான மறுவாரமே அவர் தம் கயிற்றை மச்சானின் கையில் கொடுத்தார். அன்று காலை சுலைகா அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தாள்.

"காக்கா, கயித்த விட்டுறாதீக" என்றாள்.

காசீம் இறங்கியதும் மூசாக்கனியார் நிதானமாக சுப்ஹானல்லாஹ் என்று ஓதத் தொடங்குவார். அறுபது ஓதி முடிப்பதற்குள் கயிறு சுண்டிவிடும். அதுதான் காசீமுடைய மூச்சின் அளவு. ஐம்பதைத் தாண்டும்போது இவருக்குக் கை நடுங்கும், ஐம்பத்தைந்தில் வியர்த்துக் கொட்டும். மற்றக் கயிற்றுக்காரர்கள் கயிற்றைக் கால்விரலில் சுற்றிக்கொண்டு வெற்றிலை மடிப்பார்கள், ஊர்க்கதை அளப்பார்கள். இவர் கண்ணைக் கூடக் கொட்ட மாட்டார். மேலே வந்த காசீமின் தலையைப் பார்த்த பிறகுதான் இவருக்கு மூச்சே வரும். பிறகு கயிற்றைத் தம் வலப்பக்கம் வளையம் வளையமாகச் சுற்றி, முனையை நடுவில் செருகி வைப்பார். நாளொன்றுக்கு இருபது முறையாவது இப்படிச் செத்துப் பிழைப்பார்.

நடுக்க மூசா என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். அவரும் அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் நடந்துகொண்டார். மூன்று முறை, அறுபது முடியும் முன்பே பயம் தாளாமல் காசீமை இழுத்துவிட்டார். கைக்கு எட்டிய சங்கை விட்டுவிட்டு மேலே வந்த காசீம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வத்தைக்குத் தலைவரான உதுமான் தண்டல் அப்படி விடவில்லை. இன்னொரு தரம் இப்படிச் செய்தால் கரையிலேயே நின்றுகொள்ளலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போதாததற்கு எல்லோர் காதிலும் விழும்படி இன்னொன்றும் சொன்னார்.

"அல்லாவ நம்புறவனுக்கு எதுக்கு மூசா இத்தனை நடுக்கம்? ஒன் ஈமான்ல எங்கயோ ஓட்டை இருக்கு, பாத்துக்க."

வத்தையே சிரித்தது. மூசாக்கனியாரும் சிரித்து வைத்தார். ஆனால் அந்தச் சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. பயப்படுகிறவனுக்கு ஈமான் உண்டா என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் லெப்பையிடம் கேட்டுவிட வேண்டும் என இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனார். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டார். பாவம், அதைக் கேட்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

அந்த ஆண்டு சங்கு அரிதாகப் போயிற்று. துறைக்கு எதிரே இருந்த தீவுக்கு அப்பால், கடலடியில் பாறைகள் நிறைந்த இடத்தில் பெரிய சங்குகள் கிடப்பதாகக் கேள்விப்பட்டு உதுமான் தண்டல் வத்தையை அங்கே விட்டார். சுறாக்கள் திரியும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். குளியாட்கள் நால்வரும் இரண்டு புயத்திலும் தாயத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மூசாக்கனியார் தம்மிடமிருந்த ஒரே தாயத்தையும் காசீமின் கையில் கட்டிவிட்டிருந்தார்.

முதல் இரண்டு முறை நல்ல சங்கு கிடைத்தது. மூன்றாம் முறை காசீம் இறங்கிய சற்று நேரத்தில், மற்ற மூன்று குளியாட்களும் ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றைச் சுண்டி மேலே வந்து வத்தைக்குள் விழுந்தார்கள். கீழே பெரிய சுறா என்று சொல்லக்கூட அவர்களுக்கு நாக்குப் புரளவில்லை. வத்தையின் நீளத்தில் பாதி இருக்கும் என்று கையால் காட்டினார்கள்.

மூசாக்கனியார் ஐம்பத்தெட்டு ஓதினார். அறுபது ஓதினார். கயிறு அசையவில்லை. இழு என்றது உள்ளம். இழுத்தால், காசீம் ஒன்றும் ஆகாமல் மேலே வந்து சண்டை பிடித்தால், நடுக்க மூசா என்று ஊர் சிரிக்குமே, தண்டல் கரையில் இறக்கிவிடுவாரே என்று கை தயங்கியது. சுறா வந்த நேரத்தில்கூட அந்தச் சிரிப்பு அவரைக் கட்டிப்போட்டது. இன்னும் பத்து ஓதினார். எழுபதில் பொறுக்க முடியாமல் முழு பலத்தோடு இழுத்தார். கயிறு இம்மியும் நகரவில்லை. கீழே ஏதோ பாறையிடுக்கில் இறுகி நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சுறா வத்தையை உரசிக்கொண்டு போயிற்று. பலகை அதிர்ந்தது. ஆட்கள் அத்தனை பேரும் அலறியடித்து மறுபக்கம் போய் ஒருவர்மேல் ஒருவராக ஒண்டினார்கள். வத்தை ஒருபக்கம் சாய்ந்தது. உதுமான் தண்டலும் அந்தக் கும்பலில்தான் இருந்தார். இந்தப் பக்கம் மூசாக்கனியார் ஒருவரே, இறுகிய கயிற்றோடு.

தொண்ணூறு ஆகிவிட்டது. ஆடையில் சிறுநீர் கழிந்ததும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டு முற்றத்தில் கிடந்த வாப்பாவின் ஈரக் கயிறு கண்முன் வந்தது. சுலைகா வாசலில் நின்று சொன்னது காதில் கேட்டது. காசீமின் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி முளையில் மாட்டினார். மேலே வந்துவிட்ட குளியாள் ஒருவரின் கல்லை விளிம்புக்கு நகர்த்தினார். இன்னொரு கயிற்றைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு, அதன் மறுமுனையைத் தூக்கிக் காட்டினார்.

"என் கயித்த யாரு பிடிப்பா?" என்று கேட்டார்.

ஒருவரும் ஓர் அடி முன்னே வரவில்லை. மூசாக்கனியார் அந்த முனையைத் தாம் எப்போதும் உட்காரும் இடத்தில் வைத்தார். "யா அல்லாஹ், ஒன்கிட்டதான் குடுக்குறேன்" என்றார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கல்லைக் கையால் பற்றிக்கொண்டு, நீந்தத் தெரியாத அந்த மனிதர் கடலுக்குள் விழுந்தார்.

கல் அவரை விறுவிறுவென்று கீழே கொண்டுபோயிற்று. காது இரண்டும் பிளந்துவிடும் போலிருந்தது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. மூடியிருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. திறந்தார். மங்கிய பச்சை நீரில், பாறை ஓரமாகக் காசீம் தலை தொங்கிக் கிடந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வெளுத்த வயிறு மெல்ல நகர்ந்து போயிற்று. மூசாக்கனியாரின் கை கல்லை விட்டுத் தன் வேலையைப் பார்த்தது. பதினெட்டு ஆண்டு கயிற்றோடு பழகிய கை அது. பாறைப் பிளவில் கயிறு எப்படிச் சிக்கியிருக்கிறது, மேலிருந்து இழுக்க இழுக்க எப்படி இறுகியிருக்கிறது என்பதைத் தொட்ட மாத்திரத்தில் அறிந்துகொண்டார். எதிர்ப்பக்கம் தள்ளிச் சுண்டினார். கயிறு விடுபட்டது. காசீமை மார்போடு அணைத்துக்கொண்டார்.

இனி மேலே போக வேண்டும். மேலே கயிற்றைப் பிடிக்க யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், தொழில் முறைப்படி தம் இடுப்புக் கயிற்றை இரண்டு முறை சுண்டினார்.

கயிறு இறுகிற்று. யாரோ இழுத்தார்கள்.

நீர்மட்டத்தில் இரண்டு தலைகள் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு உணர்வு வந்தது. ஓடி வந்து இருவரையும் தூக்கிப் போட்டார்கள். காசீமைக் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கினார்கள். நீரைக் கக்கி, இருமி, அவர் கண் திறந்தார். சுறா என்ன ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. அது மீண்டும் வரவே இல்லை.

வத்தை கரையை நோக்கித் திரும்பியதும் உதுமான் தண்டல், மூசாவின் கயிற்றை இழுத்தது யார் என்று கேட்டார். நான் இல்லை என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். அத்தனை பேரும் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்னார்கள். தண்டல் மூசாக்கனியாரின் இடத்தைப் பார்த்தார். அங்கே நனைந்த கயிறு வலப்பக்கம் வளையம் வளையமாகச் சுற்றப்பட்டு, முனை நடுவில் செருகியபடி இருந்தது. அந்த வத்தையில் அப்படிச் சுற்றி வைப்பவர் ஒருவர்தான். அவர் அப்போது கடலுக்குள் இருந்தார்.

திகிலில் எவரோ இழுத்துவிட்டுத் தம் கை செய்ததைத் தாமே மறந்திருக்கலாம் என்று சொல்வாரும் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கையை அசைத்தவன் யார் என்றுதான் நான் கேட்பேன்.

உதுமான் தண்டல் வந்து மூசாக்கனியாரின் அருகே தரையில் உட்கார்ந்தார்.

"நாங்களும் பயந்தோம், நீயும் பயந்த. நாங்க பயந்து விட்டுட்டோம். நீ பயந்துகிட்டே பிடிச்ச. ஒன் ஈமானப் பத்திப் பேச எனக்கு வாய் இல்ல மூசா."

மூசாக்கனியார் சொன்ன பதில் இது.

"பத்து எண்ணம் தாமதிச்சேன், காக்கா. சனங்க சிரிப்பாகன்னு பயந்தேன். பயப்பட வேண்டியவனுக்குப் பயப்படாம மனுசனுக்குப் பயந்தேன். அந்தப் பத்துக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்."

கேட்கவும் செய்தார். அதன் பிறகும் அவர் வத்தைக்குப் போனார். கயிறு பிடிக்கும்போது அறுபது சுப்ஹானல்லாஹ் ஓதுவார்; நாள் முடிவில் கரைக்கு வந்ததும் பத்து முறை பிழை பொறுக்க வேண்டுவார். கை நடுக்கம் கடைசிவரை நிற்கவில்லை. ஆனால் பயத்தை எடுத்துவிடு என்ற அந்தப் பழைய துஆவை மட்டும் அவர் பிறகு கேட்டதில்லை.

பல ஆண்டுகள் சென்று, முதுமையில் மூசாக்கனியார் படுக்கையில் கிடந்தபோது, காசீம் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சுலைகா தலைமாட்டில் இருந்தாள். பிற்பகல், அசர் தொழுகை நேரம். மூசாக்கனியாரின் உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. காசீம் மனத்துக்குள் கூடவே எண்ணினார். அறுபதை நெருங்கும்போது நடுக்கம் நின்றது. அந்த விரல்கள் காசீமின் விரல்களை இரண்டு முறை சுண்டின. அவ்வளவுதான்.

"மச்சான் கயித்தச் சுண்டிட்டாரு" என்றார் காசீம், அழுதுகொண்டே. "மேல இழுத்துட்டாங்க, சுலைகா."

நடுங்கும் கையால் பிடித்ததைக் கடைசிவரை விடாத மூசாக்கனியாரை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அந்தப் பிடியில் ஒரு விரலளவாவது நமக்கும் தருவானாக.