புது வகுப்புக்குப் புதுப் பை

ஓடை வளைந்து திரும்பும் ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. விலங்குகளின் பிள்ளைகள் பொழுதெல்லாம் விளையாடிக்கொண்டே இருக்கலாம் என்றா நினைத்தீர்கள்? அதெல்லாம் நடக்காது. ஒவ்வோர் ஆனி மாதமும் நாவல் மரத்தடியில் கொக்கு வாத்தியார் வந்து ஒற்றைக்காலில் நிற்பார். பள்ளி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் முதுகில் பை வேண்டும். எழுதிப் பழக ஒரு கற்பலகை, மூங்கில் குழாயில் தண்ணீர், இலையில் மடித்த மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு ஓட முடியுமா? அந்தப் பைகளைப் பின்னித் தந்தவன் நாரப்பன் என்கிற தூக்கணாங்குருவி.

நாரப்பன் கெட்டிக்காரன். நாணல் தாளை நார் நாராகக் கிழித்து அவன் பின்ன ஆரம்பித்தால் அலகு போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. ஒரே ஒரு குறை உண்டு. யாராவது அவனைப் புகழ்ந்துவிட்டால் போதும், உச்சி குளிர்ந்து என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவான்.

தூக்கணாங்குருவிகளின் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். அவர்களில் ஆண்தான் கூடு கட்டும். பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்திருந்தால் அங்கே குடித்தனம். பிடிக்காவிட்டால் அடுத்த மரத்துக்குப் போய்விடும். போன வருஷத்துக் கூட்டில் இந்த வருஷம் யாரும் குடியேற மாட்டார்கள். வருஷா வருஷம் புதுக் கூடுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெற்றோர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது நாரப்பன் இதைப் பெருமையாக எடுத்துவிட்டான். தன் கூடு எப்படியோ அப்படித்தான் பையும் என்றான். "புது வகுப்புக்குப் புதுப் பை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றிலிருந்து அதுவே அந்தக் காட்டுச் சட்டம் ஆகிவிட்டது. பழைய பைகள் பொந்து மூலையிலும் புதர் அடியிலும் கிடந்தன.

இந்த வருஷம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. ஓடைக்கரை நாணல் முக்கால்வாசி காய்ந்து சருகாகிவிட்டது. பாறைக்குப் பின்னால் நிழல் விழும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை நின்றது. காய்ந்த தாளைப் பின்ன முடியாது, வளைத்தால் ஒடிந்துபோகும். பச்சைத் தாள்தான் சொன்னபடி கேட்கும். அதனால் நாரப்பன் அந்தப் பச்சைத் துண்டையே நம்பி ஈச்ச மரத்தில் தன் கூட்டை ஆரம்பித்திருந்தான்.

பாதிக் கூடு முடிந்த அன்று வாகை வந்தாள். வாகை என்றால் மரம் இல்லை, ஒரு பெண் தூக்கணாங்குருவி. அதிகம் பேசாதவள். கூட்டின் விளிம்பில் தொங்கினாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், ஒரு நாரை இழுத்தும் பார்த்தாள். நாரப்பனுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"வேலைப்பாடு பிடித்திருக்கிறது" என்றாள் வாகை. "மழை விழுவதற்குள் முடித்துவிடுங்கள். முடியாது என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முட்டை வைக்க எனக்கு ஓர் இடம் வேண்டும்."

முடித்துவிடுவேன் என்று நாரப்பன் சத்தியம் செய்யாத குறைதான். அவள் போனபின் கிளையில் நின்று இரண்டு குட்டிக்கரணம் கூடப் போட்டான்.

மறுநாள் காலையில் வந்தது வினை. பள்ளி திறக்க இன்னும் ஆறே நாள். முதலில் வந்தவர் மயில் தோகையரசர். தன் அழகைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நீண்டுபோனவர். நாரப்பன் கைக்கு ஈடு இந்தக் காட்டில் கிடையாது என்று ஆரம்பித்தார். தன் மகளுக்கு இந்த வருஷப் பையில் பீலிக்கண் மாதிரி வட்ட வட்டமாகப் பின்னல் வேண்டும் என்று முடித்தார். நாரப்பன் தலையாட்டினான்.

அப்புறம் மான் வந்தது, மந்தி வந்தது, கரடி வந்தது, முயல் இரட்டைக் குட்டிகளோடு வந்தது. ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை புகழ்ந்தார்கள், ஒரு பை கேட்டார்கள். நாரப்பன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினான். வெயில் ஏறுவதற்குள் இருபத்தெட்டுப் பை சேர்ந்துவிட்டது.

ஓடைக்கரைக்குப் பறந்து போய்ப் பார்த்தபோதுதான் அவனுக்குத் தலை சுற்றியது. இருக்கிற பச்சை நாணல் முழுவதையும் அறுத்தாலும் இருபது பைக்குத்தான் காணும். பை பின்னினால் கூடு இல்லை. கூடு இல்லை என்றால் வாகை இல்லை, குஞ்சு இல்லை, இந்த வருஷமே இல்லை.

முடியாது என்று போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மூன்று வருஷமாக அவன் பின்னிய பெயர் என்ன ஆவது? மனம் அடித்துக்கொள்ள, பத்துப் பைக்கான நாணலை அறுத்தான். வாடாமல் இருக்க ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டான். பிறகு கல்லின்மேல் உட்கார்ந்து அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாகத்தான் இருந்தது, என்ன செய்ய? தன் வாயாலேயே மாட்டிக்கொண்டவன்.

அப்போது சலசலவென்று முட்கள் உரசும் சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி வேலம்மாளும் அவள் மகள் தாழையும் வந்தார்கள். வேலம்மாளுக்கு இருப்பதை இருக்கிறபடி பேசித்தான் பழக்கம். புகழ்ச்சி எல்லாம் வராது. தாழையின் முதுகில் போன வருஷத்துப் பை இருந்தது.

இருபத்தொன்பதாவது பையா என்று நாரப்பன் முனகினான். புதுப் பை வேண்டாம், இந்தத் தோள்வாரில் ஒரு முடிச்சு தளர்ந்திருக்கிறது, அதை மட்டும் இறுக்கிக் கொடு என்றாள் வேலம்மாள்.

நாரப்பனுக்குச் சுருக்கென்றது. இத்தனை கவலையிலும் அவனுக்கு ரோஷம் போகவில்லை. "என்ன அக்கா இது? புது வகுப்புக்குப் பழைய பையா?"

"என் பிள்ளை முதுகைப் பார், தம்பி" என்றாள் வேலம்மாள். "புதுப் பையைப் போட்டால் முள் பின்னலில் குத்தி நிற்கும். பை ஒரு பக்கம் சாயும், பிள்ளை ஒரு பக்கம் சாயும். நாலு மாதம் விழுந்து எழுந்த பிறகுதான் பின்னல் முள்ளுக்கு முள் வழிவிட்டுப் பை முதுகில் உட்காரும். அப்பாடா என்று இருக்கும்போது வருஷம் முடிந்துவிடும். நீ அடுத்த பையைக் கொண்டுவந்து நீட்டுவாய்."

தாழை அந்த இடத்திலேயே ஒரு சுற்று ஓடிக் காட்டினாள். பை அசையவே இல்லை. முதுகோடு பிறந்தது போல இருந்தது.

நாரப்பன் பையை வாங்கி அலகால் இழுத்தான். பின்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். அடிப்பக்கத்தைக் காலால் உதைத்தான். ஒரு நார் விலகவில்லை. நிறம் மட்டும்தான் மாறியிருந்தது. தன் வேலை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. பின்னிக் கொடுத்த பையை அவன் ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததே இல்லை.

வேலம்மாள் கேட்டாள்: "உன் கூட்டை ஏன் வருஷா வருஷம் மாற்றுகிறாய்?"

"மழையும் காற்றும் அடித்துக் கூடு நைந்துவிடும், அக்கா. குஞ்சுகள் இருந்த இடம் அழுக்காகிவிடும். பாம்புக்கும் வழி தெரிந்துபோயிருக்கும்."

"சரி. இந்தப் பைக்குள் எந்தப் பாம்பு வந்தது?"

நாரப்பன் திருதிருவென்று விழித்தான். தளர்ந்த முடிச்சை இறுக்கிப் பையைத் தாழையின் முதுகில் மாட்டிவிட்டான். அவர்கள் போய் வெகுநேரம் அந்தக் கேள்வி அவனைக் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காட்டுக்குள் ஒரு செய்தி போயிற்று. எல்லாரும் பிள்ளைகளின் பழைய பையோடு நாவல் மரத்தடிக்கு வர வேண்டும், நாரப்பன் கூப்பிடுகிறான் என்று. பொந்தையும் புதரையும் துழாவிப் பையைத் தேடி எடுத்துக்கொண்டு எல்லாரும் வந்தார்கள். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கலாம் என்று தோகையரசர் முன்னால் வந்து நின்றார்.

நாரப்பன் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தான். இத்தனை பேர் முன்னால் தன் தப்பைச் சொல்வது புகழுக்குப் பழகியவனுக்கு எளிதா?

"நான் சொன்னது என் கூட்டுக்குச் சரி" என்றான். "உங்கள் பைக்கு அது தப்பு. பையை இழுத்துப் பாருங்கள். கல்லைப் போட்டுத் தூக்குங்கள். அறுந்த பைக்குப் புதுப் பை தருகிறேன். அறாத பையோடு பிள்ளை பள்ளிக்குப் போகட்டும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தோகையரசருக்கு முகம் சுருங்கிவிட்டது. பழைய பையோடு தன் மகளை அனுப்பினால் காடு என்ன சொல்லும் என்று கேட்டார்.

"அண்ணே, இதைப் பின்னியது யார்?"

"நீதான்."

"அப்படியானால் அறுத்துக் காட்டுங்கள். அறுந்தால் நாரப்பன் வேலை மட்டம் என்று இதே காடு சொல்லட்டும்."

சொல்லிவிட்டானே தவிர நாரப்பனுக்கு உள்ளுக்குள் பயம்தான். தாழையின் பை தாங்கியது சரி. மற்றவை தாங்க வேண்டுமே.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மான் தன் பிள்ளையின் பையைக் கொம்பில் மாட்டி உதறியது. பை உதறிய பக்கமெல்லாம் ஆடியது, கிழியவில்லை. மந்தி பையைக் கிளையில் கட்டி அதில் தானே ஏறி ஊஞ்சல் ஆடியது. கிளைதான் கிறீச்சிட்டது. காட்டெருமை இரண்டு பாறாங்கல்லைப் போட்டுத் தூக்கிவிட்டு, பிள்ளை ஒரு நாளும் இத்தனை படிக்கப்போவதில்லை என்று சொல்லிக் கீழே வைத்தது.

தோகையரசர் பையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு முனையை அலகால் இழுத்தார். பலம் போதவில்லை. இன்னும் பின்னால் சாய்ந்து இழுத்தார். அலகு வழுக்கிவிட்டது. மல்லாந்து விழுந்தார், தோகை குடை மாதிரி விரிந்துகொண்டது. சிரிக்கக் கூடாது என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மகளோ பையைப் பிடுங்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். உள்ளறையில் அவள் சேர்த்துவைத்த குன்றிமணிகள் இருந்தனவாம், அப்பா பிய்த்துவிடுவாரோ என்று இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தாளாம். பீலிக்கண் பின்னல் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தோகையரசர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

ஒரே ஒரு பை கிழிந்தது. அது கரடிக்குட்டியின் பை. அதில் தேன் கொட்டி, எறும்பு மொய்த்து, அடிப்பக்கம் முழுக்க அரித்துப்போயிருந்தது. தன் பிள்ளையின் லட்சணம் அப்படி என்று தாய்க் கரடி வெட்கப்பட்டாள். அதற்குப் புதுப் பை வேண்டியதுதான் என்றான் நாரப்பன். முயலின் இரட்டைக் குட்டிகள் இந்த வருஷம்தான் முதல் வகுப்பு. அவர்களுக்குப் பழைய பை ஏது? ஆக மொத்தம் மூன்று புதுப் பைகள். ஐந்தாறு பைகளில் தளர்ந்த முடிச்சை அங்கேயே இறுக்கிக் கொடுத்தான்.

அறுத்து ஊறப்போட்ட நாணலில் மூன்று பை போக மீதம் நிறைய இருந்தது. அதை அப்படியே ஈச்ச மரத்துக்குக் கொண்டுபோனான். கரையில் நின்ற பச்சையிலிருந்தும் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் தண்ணீர் குடிக்கக்கூடக் கீழே இறங்கவில்லை. கூட்டுக்கு வயிறு வைத்தான், முட்டைக் குழி வைத்தான், நீளமாக வாசல் குழாயும் இறக்கினான்.

பள்ளி திறந்த அன்று காலையிலேயே மேகம் திரண்டுவிட்டது. பிள்ளைகள் பழைய பைகளை மாட்டிக்கொண்டு ஈச்ச மரத்தைக் கடந்து ஓடினார்கள். தாழை எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். தோகையரசர் மகளின் பை குன்றிமணி குலுங்கக் குலுங்கப் போயிற்று. யாருக்கும் நின்று பையைப் பற்றிப் பேச நேரமில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதே அவர்களுக்குப் பெரிய வழக்காக இருந்தது.

மத்தியானம் வாகை வந்தாள். வாசல் குழாய் வழியாக உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. நாரப்பன் கிளைக்கும் கூட்டுக்குமாகப் பத்துத் தடவை பறந்துவிட்டான். கடைசியில் பொறுக்க முடியாமல் வாசலில் தலையை நீட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்டான்.

"முட்டைக் குழியில் கொஞ்சம் மெத்தென்று ஏதாவது போட வேண்டும்" என்றாள் வாகை. "மழை வருகிறது. உள்ளே வந்துவிடுங்கள்."

அவன் உள்ளே போகவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. கூட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அன்று காலையிலிருந்து ஒருவர்கூடத் தன்னைப் புகழவில்லை என்பது நாரப்பனுக்குச் சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே மறந்தும் போயிற்று.

நீதி: ஒரு பொருளை மாற்றும் முன் அதற்கு வயதாகிவிட்டதா என்று பார்க்காதீர்கள், இன்னும் உழைக்குமா என்று பாருங்கள்.