இழுத்துப் பார்த்த செடி

மேற்கு மலையின் அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மலை அந்த மடத்தைப் பார்த்துத்தான் அங்கே நின்றதாம். இல்லையென்றால் கிழக்குக் கடல்வரை நடந்திருக்கும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

மடத்துக்குத் தலைவர் ஓட்டைக்குடைச் சாமி. அவர் குடையில் துணியைவிட ஓட்டை அதிகம். வயதிலும் பெரியவர் இல்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாடக்கண்ணுவுக்கோ தலை முழுக்க நரை. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவைச் சாமி என்பார்.

மாடக்கண்ணு மாந்தோப்புக்காரர். தோப்பைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் துறவுக்கு வந்தவர். அவர் படுத்த அறையில் மறுநாளே மருமகள் மாங்காயைப் பழுக்கப் போட்டுவிட்டாள் என்று கேள்வி. திரும்பிப் போனால் காலை நீட்ட இடமில்லை.

இங்கேயும் இடம் உறுதியாகவில்லை. அந்த மடத்தில் விருந்தாளிக்கு இலை, மடத்து ஆளுக்குத் தட்டு. அவருக்கு இன்னும் இலைதான் விழுந்தது. சாப்பிட்டு முடித்ததும் தமக்கு எப்போது தட்டு என்று தினமும் கேட்பார். சாமி மோரைக் குடிப்பார்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் மாடக்கண்ணு வாசல் மாமரத்தில் ஏறினார். தாழ்ந்த கிளையில் ஏதோ செடி தொற்றியிருந்தது. தோப்புக்காரர் கண்ணுக்கு மரத்தின்மேல் முளைத்ததெல்லாம் புல்லுருவி. மரத்தை உறிஞ்சிக் குடிக்கிற சனியன். அரிவாளால் சீவிக் கீழே தள்ளினார்.

சாமி வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூக்குத்தி அளவுக்குப் பூ வைக்கிற செடி. காட்டிலாகாக்காரர்கள் ஆர்க்கிட் என்பார்கள்.

"இது மரத்துகிட்ட ஒரு சொட்டு வாங்காது, அண்ணாச்சி. காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். உட்கார இடம் குடுத்தா போதும்."

மாடக்கண்ணு அவசரமாக மரத்தைவிட்டு இறங்கினார். செடி செத்தால் தாமும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். பிழைக்க வைப்பது தம் பொறுப்பு என்று வாங்கிப் போய், குழி தோண்டி, தொழுவுரம் போட்டு நட்டு, குடம் குடமாக ஊற்றினார். இலை மஞ்சளித்தது. வேர் கொழகொழத்தது.

"தரையில பிழைக்கிற எண்ணம் இருந்தா, அது எதுக்கு மரம் ஏறுது?" என்றார் சாமி.

அழுகிய வேரை நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் தேங்காய் நாரோடு பழைய கிளையிலேயே வைத்துச் சணல் கயிற்றால் கட்டினார்கள். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதோடு வேலை முடிந்தது என்று சாமி சொல்லிவிட்டுப் போனார்.

மாடக்கண்ணுவுக்கு அதோடு முடியவில்லை. தெளித்த கையோடு, செடி பிடித்துக்கொண்டதா என்று லேசாக இழுத்துப் பார்ப்பார். பச்சை நுனியோடு புதுவேர் வரும். பட்டையில் ஒட்டப்போகிற நேரத்தில் இவர் கை வரும். வேர் பெயரும். கோடை இப்படியே போனது.

"பிடிக்கவே மாட்டேங்குது, சாமி. நானும் தினம் பார்க்கிறேன்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

இழுத்துக் காட்டினார்.

சாமி மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தென்கரையில ஒருத்தர் வீடு கட்டினாரு. அஸ்திவாரம் நின்னுச்சா நிக்கலையான்னு அவருக்குச் சந்தேகம். தினம் விடிஞ்சதும் கடப்பாரையைப் போட்டுத் தோண்டிப் பார்ப்பாரு. இப்போ அங்கே கிணறு இருக்கு."

"வீடு?"

"நல்ல தண்ணி. நானே குடிச்சிருக்கேன்."

மாடக்கண்ணு சிரிக்கவில்லை. அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பற்றிக் கேட்டார். சாமி மோரைக் குடித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஓடை திசைமாறி மடத்துக்குள் இறங்கியது. அடுப்படிக்குள் மீன் வந்து, குழம்புக்குப் புளி கரைத்தாயிற்றா என்று விசாரித்துவிட்டுப் போனதாகச் சமையல்கார ஆவுடை சத்தியம் செய்தார். மாடக்கண்ணு மண்வெட்டியும் கையுமாக வாய்க்கால் வெட்டினார், ஓடு மாற்றினார், நனைந்த அரிசியை உலர்த்தினார். செடியின் நினைப்பே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் கண் சொக்கியது. தட்டைப் பற்றிக் கேட்கவும் மறந்துபோனது.

மழை விட்ட ஒரு காலையில் மரத்தடியில் சணல் கயிறு மக்கி அறுந்து கிடந்தது. திக்கென்று அண்ணாந்தார். செடி கிளையிலேயே இருந்தது. வேர்கள் பட்டையோடு பல்லி மாதிரி அப்பியிருந்தன. கை தானாக மேலே போனது. பாதியில் நின்றது. இறங்கி வந்தது.

மத்தியானம் பந்தியில் சாமி விசாரித்தார்.

"செடி பிடிச்சுட்டுதா, அண்ணாச்சி?"

"தெரியலை, சாமி. இழுத்துப் பார்க்கலை."

சாமி ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை மாடக்கண்ணுவின் முன்னால் இருந்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஓர் எவர்சில்வர் தட்டைத் தூசி ஊதிக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். விளிம்பில் மாடக்கண்ணு என்று பெயர் வெட்டியிருந்தது. கழுவியும் போகாத தூசி எழுத்துகளுக்குள் அடைந்து கிடந்தது.

மாடக்கண்ணு அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எப்போ வாங்கினது, சாமி?"

"நீங்க முதல் தடவை கேட்டீங்களே, அதுக்கு முந்தின நாள்."