வரிசையில் ஒரு கிழிந்த பறை

குரு என்றால் வெள்ளைத் தாடி, சீடன் என்றால் இளவட்டம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் இடிக்கும்.

குருவின் பெயர் அமலோற்பவம். வயது முப்பத்து நான்கு. திருச்சியில் பறை கற்றுக்கொடுக்கிறார். சீடர் பூவராகன், கூட்டுறவு வங்கி ஒன்றில் அலுவலர், தலை பாதிக்கு மேல் நரைத்தவர். இவர் அவரை ‘ஆசான்’ என்பார். அவர் இவரைத் ‘தோழர்’ என்பார். பறைக் குழுக்களில் அதுதான் வழக்கம்.

பூவராகனுக்குக் கை நன்றாக வரும். அடிகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். கவனம் மட்டும்தான் வராது. பயிற்சிக்கு நடுவே சட்டைப் பையில் போன் ஒரு முறை சிணுங்கினால் போதும், குச்சி ஒரு பக்கம் போகும், கண் ஒரு பக்கம் போகும். நேற்றுப் போட்ட படத்துக்கு யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்காவிட்டால் அவருக்கு உயிரே போய்விடும்.

“ஆசான், மனசு ஓரிடத்துல நிக்க மாட்டேங்குது. ஏதாவது வழி சொல்லுங்க” என்று வாராவாரம் கேட்பார்.

“அடி தப்பிடுச்சு தோழர். மறுபடி முதல்லேர்ந்து” என்பார் ஆசான்.

வாராவாரம் அதே பதில்தான்.

வேடிக்கைக்காகப் பூவராகன் இதைக் கேட்கவில்லை. போன வருடம் மகள் நப்பின்னையின் கல்லூரியில் பேச்சுப்போட்டி. கோயம்புத்தூர் வரை போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மகள் மேடையேறியதும் படம் எடுத்தார். ‘என் சிங்கக்குட்டி’ என்று எழுதிப் போட்டார். வாழ்த்துகள் கொட்டின. ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள் மகள் இறங்கி வந்துவிட்டாள்.

“எந்த இடம்ப்பா நல்லா இருந்துச்சு?”

“எல்லாமேதாண்டா கண்ணு.”

“நான் எதைப் பத்திப் பேசினேன்?”

பூவராகன் தான் எடுத்த படத்தில் மேடைக்குப் பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். அவர் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அவள் சண்டை போடவில்லை. அதன் பிறகு அவர் அனுப்பும் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் வரும். சாப்பிட்டியா என்றாலும் கட்டைவிரல், காய்ச்சல் தேவலையா என்றாலும் கட்டைவிரல். பெற்ற மனம் அதைப் பார்த்துப் பார்த்துப் புண்ணாகிப்போனது.

அப்படிப்பட்ட மகள் இன்று வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களுக்குத் திறந்துவிடும் அந்தப் பெரிய சாலையில் காலையில் பறையாட்டம். குழுவின் முதல் அடியைத் தனியாக எழுப்பப்போவது பூவராகன். கெஞ்சிக் கூத்தாடி மகளை வரவழைத்துவிட்டார்.

“ஒரு மணி நேரம்தான்ப்பா. அப்புறம் பஸ்ஸு” என்று சொல்லிவிட்டு அவள் நடைபாதை ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் அடி! மகள் முன்னால்! ஊரே பார்க்கப் போகிறது! ஒரு வாரமாகவே தினம் ஒரு படம் போட்டு எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

சாலையோரக் காலி மனையில் குழுவினர் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காலைப் பனிக்குத் தோல் தளர்ந்திருக்கும். நெருப்பில் காட்டினால் இறுகும், சத்தம் கணீரென்று வரும். கொஞ்சம் கூடினால் வெடித்துவிடும். அதனால் விரலால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காய்ச்ச வேண்டும்.

“உங்களோடது காய்ஞ்சிடுச்சா தோழர்?”

“ஆச்சு ஆசான்.”

“அப்ப என்னோடதையும் பாத்துக்குங்க. நான் சலங்கை கட்டிட்டு வந்துடறேன்.”

ஆசானின் பறை! எளிதில் யார் கையிலும் கொடுக்க மாட்டார். பூவராகனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை ஊருக்குச் சொல்ல வேண்டாமா? ஒரு கையில் பறை, மறு கையில் போன். நேரலை தொடங்கிவிட்டது.

‘தூள் தலைவா’ என்றார் ஒருவர். ‘முகத்தைக் காட்டுங்க’ என்றார் இன்னொருவர். பூவராகன் முகத்தைக் காட்டினார். ‘வேற வேலை இல்லையா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டார்.

பூவராகனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இவனுக்கு நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லாவிட்டால் எப்படி? கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதத் தொடங்கினார். எழுத்துப் பிழை வந்தது. அழித்தார். மறுபடி எழுதினார்.

முதலில் வாடை வந்தது. மூக்குக்குத் தெரிந்தது, மனசுக்குத் தெரியவில்லை.

“தோழர்! தோலு!” என்று பக்கத்திலிருந்த ரூபன் கத்துவதற்கும் படார் என்று சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

ஆசானின் பறை நடுவிலிருந்து விளிம்பு வரை கிழிந்து தொங்கியது.

காய்ச்சிக்கொண்டிருந்த எல்லாக் கைகளும் நின்றன. ஆசான் ஒரு காலில் சலங்கையோடு எழுந்து வந்தார். பறையை வாங்கிப் பார்த்தார். கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார். சாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பூவராகன் கையிலிருந்த போனைப் பைகள் குவிந்திருந்த இடத்தில் வீசினார்.

“என்னோடதை எடுத்துக்குங்க ஆசான். நான்... நான் ஓரமா நின்னுக்கறேன்.”

ஆசான் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பூவராகனின் பறையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கிழிந்ததை அவரிடம் நீட்டினார்.

“மாட்டுங்க.”

“இது பேசாதே ஆசான்!”

“பேசாது.”

“அப்புறம் எதுக்கு?”

“வரிசையில ஒரு ஆள் குறையுது.”

“சும்மா அடிக்கிற மாதிரி பாவனை பண்ணணுமா?”

“பாவனையெல்லாம் வேண்டாம். ஓங்கி அடிங்க. ஒரு அடிகூட விடக் கூடாது.”

“முதல் அடி...”

“ரூபன் எடுப்பார்.”

பூவராகன் நடைபாதைப் பக்கம் பார்த்தார். நப்பின்னை இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆசான் மறு காலுக்கும் சலங்கையைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பூவராகன் கிழிந்த பறையை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

ரூபன் முதல் அடியை எழுப்பினார். அது பூவராகனின் அடி.

குழு இறங்கியது. இருபது பறைகள் ஒரே நேரத்தில் பேசின. இவருடையது மட்டும் சொத் என்றது. மறுபடி சொத். கூட்டத்தில் ஒருவர் இவரைக் காட்டிச் சிரித்தார். நப்பின்னை புருவத்தைச் சுருக்கினாள். மானம் கப்பலேறிவிட்டது, இனி என்ன, என்று நினைத்தபோது அடி தவறிவிட்டது.

ஆசான் முன்னாலிருந்து ஒரு பார்வை பார்த்தார். ஒரு அடிகூட விடக் கூடாது.

ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு அடிப்பது? இத்தனை நாளும் தன் சத்தத்தைக் கேட்டுத்தான் அடித்துவந்தார். இன்று அது இல்லை. பிடிமானம் வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரிடம்தான் வாங்க வேண்டும். வலப்பக்கம் காதைக் கொடுத்தார்.

ரூபன் மூன்றாவது அடியை ஒரு மயிரிழை தாமதமாக விடுகிறார். வேண்டுமென்றே! அந்தத் தாமதத்தில்தான் துள்ளலே இருக்கிறது. பூவராகன் அதன் மேல் தன் குச்சியை வைத்தார். சரியாக உட்கார்ந்தது.

இடப்பக்கம் செல்வராணி. அடி மாறுவதற்கு முன்னால் அந்த அம்மாள் ‘ம்’ என்று மூச்சை இழுக்கிறார். இத்தனை நாள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், பூவராகன் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆசானின் இடது தோள் இலேசாக ஏறியது. செல்வராணி மூச்சை இழுத்தார். அடி மாறியது. பூவராகனும் மாறினார்!

அடடா! இது எல்லாமே இங்கேதான் இருந்திருக்கிறது!

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பின்னால் யாரோ சற்று அவசரப்படுகிறார், அவரை ரூபன் இழுத்துப் பிடிக்கிறார், சலங்கை நடுவே புகுந்து இருவரையும் சேர்க்கிறது. எல்லாம் கேட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது. கிழிந்த தோலை அவர் ஓங்கி ஓங்கி அடித்தார். சிரித்தவர் இன்னும் சிரிக்கிறாரா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

கூட்டம் சூடேறிவிட்டது. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சைக்கிளில் வந்தவர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே குதித்தார்கள். விசில் பறந்தது.

அடி உச்சத்துக்கு ஏறியது. உச்சத்தில் ஒரு திருப்பம் உண்டு. குழு முழுவதும் சட்டென்று நின்று, ஒரு கணம் மௌனம் விட்டு, ஒரே அடியாக மறுபடி விழ வேண்டும். எப்போது விழுவது என்று ஆசான்தான் காட்டுவார். யாராவது ஒருவர் முந்திவிட்டால் எல்லாம் நாறிப்போகும்.

குழு நின்றது. ஆசான் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். அடிக்குச்சியை நீட்டினார். குச்சி பூவராகனைக் காட்டியது.

இவரா? கிழிந்த பறையோடு இவரா?

இருபது ஜோடிக் கண்களும் அவர் மேல் வந்து விழுந்தன. காதால் பிடிக்க அவரிடம் சத்தம் இல்லை. ஆகையால் எல்லோரும் கண்ணை இமைக்காமல் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். ரூபனின் நெற்றி வியர்வை தெரிந்தது. செல்வராணி மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. சாலை மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நின்றது.

இப்போது இல்லை. இப்போதும் இல்லை.

இப்போது!

பூவராகன் தரையை விட்டு எழும்பி, கிழிந்த தோலில் குச்சியை இறக்கினார். சொத் என்ற அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது. இருபது பறைகள் ஒரே பறையாக இடித்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. சாலை ‘ஓ’வென்று கத்தியது. கட்டிய கையை அவிழ்த்து, செருப்பை உதறிவிட்டு, நப்பின்னை வட்டத்துக்குள் ஓடிவந்தாள். அவள் ஆடுவதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கண்ணில் நீர் முட்ட, ஒரு அடிகூட விடாமல், மகளைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

ஆட்டம் முடிந்தது. காலி மனைக்குத் திரும்பியபோது பூவராகனின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“ஆசான்! இன்னிக்கு நின்னுச்சு ஆசான்! மனசு நின்னுச்சு!”

“கால்தான் நிக்கலை போல. உக்காருங்க” என்று சிரித்தார் ஆசான்.

அவர் உட்காருவதற்குள் நப்பின்னை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. பஸ்ஸை மறந்துவிட்டாள்.

“அப்பா! அந்தக் கடைசித் திருப்பம் நீங்கதானே குடுத்தீங்க? உங்க பறையில சத்தமே வரலை, ஆனா எல்லாரும் உங்களையே பாத்தாங்க! நான் அழுதுட்டேன்ப்பா, தெரியுமா?”

“தெரியும்டா. பாத்தேன்.”

அவள் ஒரு நொடி அவர் முகத்தையே பார்த்தாள். குரல் இறங்கியது.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன். காலேஜுல எனக்கு...”

“தோழர்! தோழர்!” என்று பைகள் இருந்த பக்கமிருந்து ரூபன் ஓடிவந்தார். கையில் பூவராகனின் போன். “நீங்க லைவை நிறுத்தவே இல்லை! வெறும் வானம்தான் தெரிஞ்சிருக்கு, ஆனா சத்தத்தைக் கேட்டு எங்கெங்கிருந்தோ ஜனம் குவிஞ்சு கிடக்கு! இவ்வளவு பேர் நமக்கு வந்ததே இல்லை! யார் அடிச்சது, யார் அடிச்சதுன்னு உங்களைத்தான் கேக்கறாங்க! இந்தாங்க!”

திரையில் இதயங்கள் கூட்டம் கூட்டமாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. பூவராகனின் கை தானாகவே நீண்டது. பாதியில் நின்றது. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அவர் ஆசானைப் பார்த்தார்.

“ஆசான், ஒரே ஒரு நிமிஷம். பாத்துட்டு வெச்சுடட்டுமா?”

ஆசான் குனிந்து சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அந்தப் புள்ள பாதிப் பேச்சுல நிக்குது, தோழர்.”