கண்ணாடியும் சவரக்கத்தியும்

ஆனி மாதம் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. வானத்தில் பொட்டு மேகமும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அன்று நண்பகலில் நீலத்துறைக்குள் நுழைந்த மிளகுக் கப்பல் ஒன்று மணல்திட்டில் ஏறிச் சாய்ந்தது. அதிலிருந்த அறுபது பேரும் பிழைத்தது தெய்வச் செயல்.

மறுநாள் கப்பலோட்டி சாத்தப்பன் அரசவையில் நிறுத்தப்பட்டான்.

"அரண்மனை மாடத்திலிருந்து யாரோ கண்ணாடியால் என் கண்ணில் வெயிலை அடித்தார்கள், அரசே! உலகமே வெள்ளையாகிவிட்டது. சுக்கான் எப்பக்கம் திரும்பியது என்றே தெரியவில்லை."

அந்த 'யாரோ' யார் என்பது ஊரறிந்த செய்தி. அரசியின் தம்பி கண்டராயர் மறுக்கவும் இல்லை.

"ஆம், விளையாடினேன். வெயிலுக்கு எடை உண்டா, கூர் உண்டா? நான் கப்பலைத் தொட்டேனா?"

அரசர் வாகைமாறர் சட்ட ஓலையைப் படித்தார். கப்பலைத் தரைதட்ட விட்டவன் இனிச் சுக்கானைத் தொடலாகாது. பிறன் சுக்கானில் கைவைத்தவனுக்கோ ஓராண்டு உப்பள வேலை. மைத்துனர்தாம் கைவைக்கவில்லையே! அரசர் தம் அமைச்சர் எழினியாரை நோக்கினார்.

எழினியாரின் பார்வையோ சாத்தப்பனின் கைகளில் இருந்தது. முப்பது ஆண்டுகள் சுக்கான் பிடித்துக் காய்த்த கைகள். வேறு தொழில் அறியாதவை. அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"தீர்ப்புக்கு முன் ஒரு சிறு வேண்டுகோள், அரசே. கண்டராயருக்குத் தாடி மண்டிக்கிடக்கிறது. அவைக்கு அழகில்லை. நாவிதர் மருதனை அழைக்கலாமா?"

அரசர் வியந்தார், ஆயினும் இசைந்தார். மருதன் வந்தான். வலக் கன்னம் மழமழவென்று முடிந்தது. கத்தி தொண்டைக்குழிக்கு இறங்கியது. அப்போது எழினியார், சான்றாக அவையில் வைத்திருந்த கண்டராயரின் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்பது அடி தள்ளிச் சாளரத்தருகே போய் நின்றார். வட்டமான ஒளி ஒன்று மருதனின் இடுப்பில் விழுந்தது. மெல்ல மார்புக்கு ஏறியது. மோவாயைத் தொட்டது.

"ஐயையோ! நிறுத்துமையா!" என்று கண்டராயர் அலறினார்.

"ஏன்? வெயிலுக்குத்தான் கூர் இல்லையே?"

"கத்திக்கு இருக்கிறதே! அவன் கண்ணில் பட்டால் என் கழுத்து என்னாவது?"

"அறுபட்டால் மருதனைத் தண்டிப்போம். நான் உம்மைத் தொடவே இல்லையே!"

"என்ன ஐயா நியாயம் இது? கத்தி அவன் கையில் இருந்தாலும் அறுப்பவர் நீர்தாம்!"

எழினியார் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். "அரசே, என் வேலை முடிந்தது. தீர்ப்பைக் கண்டராயரே வழங்கிவிட்டார்."

அரசர் அரியணை அதிரச் சிரித்தார்.

சாத்தப்பன் அன்று மாலையே சுக்கானுக்குத் திரும்பினான். கப்பலோட்டியின் கண்ணில் ஒளி பாய்ச்சுபவன் சுக்கானில் கைவைத்தவனே என்று ஓலையில் ஒரு வரி சேர்ந்தது. எழினியாருக்கு முத்துமாலை கிடைத்தது. கண்ணாடி மருதனுக்குப் போயிற்று. கண்டராயர் உடனே உப்பளத்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய இடக் கன்னத்துச் சவரம் அங்கேதான் நடந்தது.