பன்றி வெட்டிய வாய்க்கால்

மேகம் இறங்கி உட்காரும் ஒரு மலைக்காட்டில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. அதன் கறுப்பு மண் மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோடையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும்.

அங்கே தன் கூட்டத்தோடு இருந்த ஒரு காட்டுப்பன்றிக்குப் பேராசை. நிலத்தைக் காயவைத்தால் கிழங்கு நிறைய விளையும் என்று அது தானாகவே முடிவு செய்தது. மூக்கால் கிளறிக் கிளறிச் சரிவு வரை ஒரு வாய்க்கால் வெட்டியது. தண்ணீரெல்லாம் மலையிறங்கிப் போனது.

கடமான்கள் அடுத்த மலைக்குப் போய்விட்டன. சேற்றில் இரை தேடும் உள்ளான் குருவிகளும் கிளம்பிவிட்டன. ஒரு தவளை மட்டும் நகரவில்லை. மிச்சமிருந்த ஒரே குட்டையில் அதன் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. கால் முளைக்காத பிள்ளைகளை அது எங்கே கூட்டிப்போகும்?

தவளை தினமும் பாசியைக் கவ்வி வந்து வாய்க்காலை அடைத்தது. பன்றி தினமும் ஓர் உதையில் அதைக் கலைத்தது.

"விரலளவு இருந்துகொண்டு என்னை எதிர்க்கிறாயா? பேசாமல் ஓடிப் போ" என்றது பன்றி.

"போகமாட்டேன். நீ கலைத்தால் மறுபடியும் அடைப்பேன்" என்றது தவளை.

பங்குனி வெயில் வந்தது. கிழங்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. மண் வெடித்துப் புழுதிதான் பறந்தது. பன்றிக்கு வியர்க்காது, பிள்ளைகளே. சேற்றில் புரண்டால்தான் அதன் உடம்பு குளிரும். காடெல்லாம் தேடியும் சேறு கிடைக்கவில்லை. பாசி அடைப்பை உதைக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு, தன் கூட்டத்தோடு குட்டையில் இறங்க வந்தது.

இறங்கினால் குஞ்சுகள் நசுங்கிவிடும். தவளை பன்றியின் முன்னால் போய் உட்கார்ந்தது.

"இந்தக் குட்டை உன் ஒரு காலுக்குக்கூடக் காணாது. நீ சில நாளாக உதைக்காததால், நான் அடைத்த பாசிக்கு அடியில் ஈரம் கசிந்து நல்ல சேறாகக் கிடக்கிறது. அங்கே போய் எல்லோரும் ஆசை தீரப் புரளுங்கள்" என்றது.

பன்றிகள் வாய்க்காலுக்குள் விழுந்து புரண்டன. மறுநாளும் வந்தன, அதற்கடுத்த நாளும் வந்தன. அவை புரளப் புரளக் கரை சரிந்தது. சேறு மிதிபட்டு இறுகி, வாய்க்கால் இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொண்டது.

கோடைமழை கொட்டியது. ஒரு சொட்டுக்கூட வெளியே ஓடவில்லை. சதுப்பு நிலம் மறுபடியும் நிறைந்தது.

அப்போதுதான் பன்றிக்கு உறைத்தது. "என்னை வைத்தே என் வாய்க்காலை மூடிவிட்டாயே" என்று உறுமியது.

"ஆமாம், மூடினேன். வேண்டுமானால் மறுபடியும் வெட்டு. அடுத்த பங்குனிக்கு எங்கே போய்ப் புரளுவாய்?" என்றது தவளை.

பன்றி மெல்லச் சேற்றில் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம், கால் முளைத்த குட்டித் தவளைகள் அதன் முதுகின் மேல் ஏறிக் குதித்து விளையாடின.

நீதி: பிறந்த மண்ணைக் காக்கப் பெரிய உடம்பு வேண்டாம், நகரமாட்டேன் என்ற பிடிவாதமும் கொஞ்சம் புத்தியும் போதும்.