பின்னறைக்கும் சூடு

உதகையில் மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் தெருவில், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே, வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டில் சுகந்தி அம்மா தியானம் கற்றுக்கொடுத்தார்.

அவரிடம் கற்றவர்களில் மூத்தவர் மாசிலாமணி. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகளுக்கும் சுகந்தி அம்மாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இருந்தாலும் அவர் அம்மாவை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரை "சார்" என்பார். இரண்டு பேருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

அந்த வீட்டின் ஒரே தொல்லை குளிர். கருங்கல் சுவர், மேலே தகரக் கூரை. கணப்புகளை யாரோ எப்போதோ செங்கல் வைத்து மூடிவிட்டிருந்தார்கள். மார்கழியில் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால், மனம் மூச்சிடம் போகாது. முழங்காலிடம் போகும்.

கோயம்புத்தூரில் நூல் மில் நடத்தும் நாச்சிமுத்து மாதம் ஒருமுறை வந்து தங்குவார். ஒருநாள் தியானம் முடிந்து எழ முயன்றபோது கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு நான் ஒரு வழி பண்றேனுங்கம்மா" என்றார்.

அவர் பண்ணிய வழிக்குப் பெயர் ஹீட் பம்ப். வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டி. உள்ளே நான்கு அறைகளுக்கு நான்கு பெட்டிகள். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்து கிடந்தாலும் அதில் மிச்சமிருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளும். ஒவ்வோர் அறைக்கும் தனி ரிமோட். அவரவருக்கு வேண்டிய சூட்டை அவரவர் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பொறுப்பும் மாசிலாமணியிடம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை. அளக்கும் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எந்த நாலு அறை?" என்று அம்மா கேட்டார்.

"கூடம், விருந்தினர் அறை, புத்தக அறை, உங்க அறை."

"என் அறைக்கு வேண்டாம் சார். அதைப் பின்னறையில மாட்டிடுங்க."

மாசிலாமணி டேப்பைச் சுருட்டினார்.

பின்னறையில் கோகிலவாணி இருந்தாள். ஐப்பசி மழையில் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவள். புருஷன் முறுக்கியதில் அவளுடைய இடது கை இன்னும் முழுசாக நீளாது. அந்தப் புருஷன் நாச்சிமுத்துவின் தங்கை மகன்; எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

"அவளை அனுப்பி வைங்கம்மா, குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கறோம்" என்று நாச்சிமுத்து முன்பே சொல்லிப் பார்த்திருந்தார்.

"கதவு திறந்துதான் இருக்கு. போகணும்னு அவளுக்குத் தோணினா போகட்டும்" என்று அம்மா சொல்லியிருந்தார்.

அவளுக்குத் தோணவில்லை. அதற்குப் பிறகு நாச்சிமுத்து வந்தால் வீட்டின் பின்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அவர் பார்த்தா என்ன நினைப்பார் அம்மா?" என்றார் மாசிலாமணி.

"அறை கதகதப்பா இருக்குன்னு நினைப்பார்."

கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான்கு அறைகளின் வெளிச்சுவரிலும் குழாய் போகத் துளை போட வேண்டும். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். துளைக்கும் இயந்திரம் பாதி வழியில் கல்லில் மாட்டிக்கொண்டு அலறியது. வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. பெனடிக்ட் என்ற தலைமை மெக்கானிக் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இதுக்கு மலையையே குடைஞ்சிருக்கலாம் சார்" என்றான்.

பழைய ஒயரிங்கை நம்ப முடியாது. மாசிலாமணி மீட்டரிலிருந்து புதுக் கம்பி இழுத்து, வெளிப்பெட்டிக்கென்று வராந்தாவில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார். அதைத் தானே மாட்டினார். யாரையும் தொடவிடவில்லை.

மறுநாள் மத்தியானம் மெஷின் ஓடியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புத்தக அறையில் யாரோ ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். மாசிலாமணி ஒவ்வோர் அறையாகப் போய்க் கையை உயர்த்திக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். பின்னறைக்குக் கடைசியாகத்தான் போனார். வாசலில் நின்று, "ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

கோகிலா குழந்தையின் கம்பளிக் குல்லாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அந்தக் குல்லாய் இல்லாமல் அவர் குழந்தையைப் பார்த்ததே இல்லை. தலையில் அவ்வளவு முடி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"ஓடுதுங்க சார்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் நாச்சிமுத்து மாலையும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். வெளிப்பெட்டிக்குச் சந்தனம் வைத்தார். குழாய்கள் சுவரில் பிரிந்து போகும் அழகைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று குழாய்கள் முன்பக்கத்து அறைகளுக்குப் போயின. நான்காவது மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே அவரும் நடந்தார். மாசிலாமணி பின்னாலேயே விரைந்தார்.

பின்னறை வாசலில் நாச்சிமுத்து நின்றார். கோகிலா எழுந்து நின்றாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள்.

"இது யாரோட ஏற்பாடுங்க?"

மாசிலாமணி வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார். "என்னோடது."

"நான் குடுத்தது தியானத்துக்குங்கம்மா."

"குடுத்துட்டீங்க இல்ல?"

"குடுத்தவன் சொல்லுக்கு ஒரு மரியாதை இல்லீங்களா?"

"சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. கோகிலாவிடம் திரும்பினார். குரலை உயர்த்தவும் இல்லை. "பையை எடு கோகிலா. கார் வெளிய நிக்குது. நம்ம வூட்ல இல்லாத வசதியா இங்க இருக்குது?"

கோகிலா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நம்ம வூட்ல எல்லா ரூம்புலயும் ஏசி இருக்குதுங்க மாமா. கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கமா மூடிக்கும். நான் கத்துனது ஒரு ரூம்புக்கும் கேக்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

சுவரில் இருந்த பெட்டி மெல்லிய சத்தத்தோடு சூட்டை ஊதிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் முகம் கறுத்துவிட்டது.

"அம்மா, ஒண்ணு இவ இங்கிருந்து போகோணும். இல்லீன்னா மெஷின் போகோணும். என் காசுல என் குடும்பத்துக்கு எதிரா ஒருத்தி படுத்துத் தூங்கறதை நான் பார்த்துட்டிருக்க முடியாது."

அப்போதுதான் மாசிலாமணிக்கு அந்த வழி தோன்றியது. முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் எத்தனையோ சண்டைகளை இப்படித்தான் தீர்த்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. இதுல சண்டைக்கே இடமில்ல. நாலு அறையும் தனித்தனி. பின்னறையை மட்டும் நிறுத்திட்டா மத்த மூணும் அதுபாட்டுக்கு ஓடும். குழந்தைக்கு என் வீட்டு ஹீட்டரைக் கொண்டாந்து வச்சிடறேன். கோகிலாவும் இங்கேயே இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

நாச்சிமுத்து யோசித்தார். சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். கடைசியில் தலையசைத்தார். "சரிங்க. என் சூடு அந்த ரூம்புக்குப் போகக்கூடாது. அவ்வளவுதானுங்க."

கூடத்துப் பெண் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். கோகிலாவும், "எனக்கு அது போதுமுங்க" என்றாள்.

அம்மா மட்டும் சுவரில் ஓடிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கூடத்துல வயசானவங்க உக்கார்றாங்க" என்றார் மாசிலாமணி. "ஒரு அறைக்காக நாலு அறையும் குளிரணுமா? நீங்களே சொல்லுங்க."

"வெளியே எத்தனை பெட்டி சார்?"

"ஒண்ணுதாம்மா."

அம்மா வராந்தாவுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். மாசிலாமணி மாட்டிய சுவிட்சை அவர் கீழே இறக்கினார். வெளிப்பெட்டியின் விசிறி நிதானமாகச் சுற்றி நின்றது. உள்ளே நான்கு அறைகளிலும் சத்தம் அடங்கியது.

"உள்ளே மட்டும் அது எப்படி நாலாச்சு?" என்று கேட்டார்.

பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்து, "கழட்டிக்கங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. நாச்சிமுத்து மாலையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

பெனடிக்ட்டும் ஆட்களும் திரும்பி வந்து எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். சுவரில் நான்கு துளைகள் மிஞ்சின. அவற்றின் வழியாகக் காற்று சீட்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தது. வீடு முன்பைவிடக் குளிர்ந்தது.

சிலர் வருவதை நிறுத்தினார்கள். "பிடிவாதத்துக்குப் பேர் ஞானமா?" என்று ஒருவர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா அவருக்குக் கைகூப்பினார்.

மாசிலாமணி சொன்னபடி வீட்டு ஹீட்டரைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தார். அதற்குப் பிறகு அம்மாவிடம் அதிகம் பேசவில்லை. காலையில் வந்து, மங்கி குல்லாயோடு உட்கார்ந்து, எழுந்து போனார். கண்ணை மூடினால் தான் சொன்ன வழியேதான் நினைவுக்கு வந்தது. யாருக்கும் நஷ்டமில்லாத வழி. அதில் எங்கே தப்பு என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"அம்மா, நான் அவளை வெளியே அனுப்பச் சொல்லலையே. ஹீட்டர்கூடக் கொண்டாந்தேனே. என் வழியில என்ன குறை?"

"குறையே இல்ல சார்."

"பின்ன?"

"நீங்க சொன்னதும் கோகிலா என்ன சொன்னா?"

"போதும்னா."

"அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லித்தான் அந்த வீட்டுல இத்தனை வருஷம் இருந்தா."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மார்க்கெட்டில் எதற்கோ நின்ற மாசிலாமணி, எதற்கு நின்றோம் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார்.

தை பிறந்த பிறகு நாச்சிமுத்துவிடமிருந்து போன் வந்தது. மாசிலாமணி அப்போது அம்மா வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், எனக்கு மனசு கேக்கலைங்க. அம்மாகிட்டச் சொல்லுங்க. மெஷினை அப்படியே திருப்பி அனுப்பறேன். வேணும்னா அஞ்சாவதா அம்மா அறைக்கும் சேர்த்து மாட்டிடலாம். கோகிலாவை மட்டும் கீழ டவுன்ல ஒரு நல்ல ஹாஸ்டல்ல வச்சுக்கலாமுங்க. செலவெல்லாம் என்னுது. அம்மா வாயைத் திறந்து சரின்னு சொல்லக்கூட வேண்டியதில்லை. பேசாம இருந்தாலே போதும். துளைதான் ஏற்கெனவே இருக்குதே, அரை நாள் வேலைதானுங்களே."

"லைன்ல இருங்க" என்றார் மாசிலாமணி.

அவர் வீட்டுக்குள் போனார். அம்மா கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். முழங்கை வரை சிமெண்ட். கோகிலா கீழே சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீளாத கையை இடுப்பில் அண்டக் கொடுத்திருந்தாள். குழந்தை ஒரு மூலையில் போர்வை மேல் உட்கார்ந்து செங்கல் துண்டு ஒன்றை வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி குனிந்து அதைப் பிடுங்கினார்.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நாச்சிமுத்து சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஹாஸ்டல் என்றபோது கோகிலா சட்டியைக் கீழே வைக்கவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். இந்தத் தடவை போதும் என்று சொல்லவில்லை.

அம்மா ஒரு செங்கல் துண்டைத் துளைக்குள் வைத்து அழுத்தினார். அதன்மேல் சிமெண்டை அப்பித் தேய்த்தார்.

"அவர் காத்துட்டிருக்கார் அம்மா. என்ன சொல்லட்டும்?"

அம்மா கையை நீட்டினார். கோகிலா சட்டியை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். கடைசி உருண்டையை எடுத்து வைத்து, உள்ளங்கையால் சுவரோடு சமமாக வழித்துவிட்டு, அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"துளையெல்லாம் அடைச்சாச்சுன்னு சொல்லுங்க சார்."