பரிவட்டம் யார் தலைக்கு?

பதில் தெரிந்துவிட்டவர்கள் கடைசி வரை வாயைத் திறக்கக் கூடாது. தெரியாதவர்கள் தாராளமாகத் தலையைச் சொறிந்துகொள்ளலாம். இந்தக் கதைக்கு நான் போடும் நிபந்தனை இவ்வளவுதான்.

தென்காசிப் பக்கம் கொன்றையூர் அம்மனுக்குப் பெரிய தேர் உண்டு. இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். நிறுத்த இரண்டே பேர்தான். முன்சக்கரம் இரண்டுக்கும் ஆளுக்கொருவர் குனிந்தபடியே கூட ஓடி, திருப்பம் வந்ததும் ஒரே நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் தேர் மற்றவர் பக்கம் திரும்பிவிடும். அந்த மற்றவரின் கால் அதோடு சரி. வலது சக்கரத்துக்குத் தங்கப்பழம், இடது சக்கரத்துக்குச் சொள்ளமுத்து என்று பல வருஷமாக நடந்துவந்தது.

தங்கப்பழம் தங்கமான மனுஷன், குடிக்காத நேரத்தில். அந்த நேரம்தான் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தேரோட்டத்தில் அவர் கட்டை ஒரு நொடி பிந்தியது. சக்கரம் சொள்ளமுத்துவின் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. சொள்ளமுத்து கட்டையை எடுத்துக்கொண்டு நொண்டியபடியே அடுத்த திருப்பத்துக்கு ஓடினார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த தேருக்குள் குடியை விட்டுவிடுவது என்று தங்கப்பழம் முடிவு கட்டினார்.

அந்த ஊரில் குடியை விட ஒரே வழி கயிறு கட்டிக்கொள்வது. கோவில் பூசாரி நல்லமாடன் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். கயிறு கையில் இருக்கும்வரை ஒரு சொட்டும் தொடக் கூடாது. ஊர் எல்லை தாண்டி இரவு தங்கவும் கூடாது. மீறினால் கை கால் விளங்காமல் போகும் என்று நம்பிக்கை. நல்லமாடன் கட்டிய கயிறு பொய்த்ததில்லை என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. எத்தனை பேர் நிஜமாகவே நிறுத்தினார்கள் என்று யாரும் விசாரித்ததில்லை. பேருக்கு விசாரணை எதற்கு?

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, தங்கப்பழம் கயிறு கட்டிக்கொண்டார். அன்றோடு குடியைச் சுத்தமாக நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கை கிடுகிடுவென நடுங்கியது. சட்டை தெப்பமாக நனைந்தது. சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லித் தட்டிவிட ஆரம்பித்தார். மனசுக்குள் குடியை நினைத்ததால் அம்மன் தண்டிக்கிறாள் என்று அவரே நம்பினார்.

கட்டைகளைச் சரிபார்க்கக் கூப்பிட வந்த சொள்ளமுத்து, அந்தக் கையைப் பார்த்ததுமே ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டார்.

"ஏறும்வே ஆஸ்பத்திரிக்கு. இந்தக் கைய நம்பி எங் கால வைக்க முடியாது."

"எல்லை தாண்டி எப்படித் தங்குறது? கயிறு கெடக்குல்லா? செத்தாலும் இங்கயே சாவுதேன்."

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், ஒரு மூடி ஊற்றினால் நடுக்கம் நின்றுவிடும் என்றார். இன்னொருவர், கயிற்றில் கை வைத்தால் குடும்பத்துக்கே ஆகாது என்றார். விஷயம் நல்லமாடன் காதுக்குப் போனது. அவர் வந்தார், தங்கப்பழத்தின் கையைப் பிடித்துப் பார்த்தார், ஊரே பார்க்கக் கயிற்றை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டார்.

"போயிட்டு வா. அம்மங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர், "தினமும் குடிப்பீங்களா?" என்று கேட்டார். "எப்பவாச்சும்" என்றார் தங்கப்பழம். அதுவரை புருஷனைப் பற்றி வெளியில் ஒரு சொல் சொல்லாத அவர் மனைவி செல்லக்கனி முன்னால் வந்தாள். "பொய்யி டாக்டர். எட்டு வருசமா தினமும். விடிஞ்சதும் மொத வேலை அதுதான்." அத்தனை பேர் முன்னால் அவளுக்கு மானமே போனது போலிருந்தது. ஆனாலும் எவ்வளவு, எப்போது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் உடனே படுக்கையில் சேர்த்தார். இப்படிக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம், மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றார்.

அந்த வருஷத் தேர் தங்கப்பழம் இல்லாமல் ஓடியது. அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. ஆனால் பூசாரியே கயிற்றை அவிழ்த்த கதை பரவி, நல்லமாடனிடம் வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வந்தவர்களையும் அவர் சும்மா விடவில்லை. "தினமும் குடிக்கியா? நிறுத்துனா கை நடுங்குதா? மொதல்ல டாக்டரப் பாத்துட்டு வா, பெறவு கட்டுதேன்" என்று திருப்பி அனுப்பினார். இதென்ன பூசாரி என்று சிலர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள்.

மறுவருஷம் தங்கப்பழம் மறுபடி வலது சக்கரத்துக்கு வந்தார். தேர் ஒரு திருப்பத்திலும் முரண்டவில்லை. நிலைக்கு வந்ததும் வழக்கப்படி, நன்றாகக் கட்டை கொடுத்தவர் என்று அவரைப் பரிவட்டம் கட்டிக்கொள்ள அழைத்தார்கள். அவர் தலையைக் குனியவில்லை.

"எனக்கு வேண்டாம். என்னைய உசுரோட நிக்க வெச்சவங்க தலையில கட்டுங்க."

சொள்ளமுத்து செல்லக்கனியைக் காட்டினார். செல்லக்கனி நல்லமாடனைக் காட்டினாள். நல்லமாடன் சொள்ளமுத்துவைக் காட்டினார். பரிவட்டத் துணியைத் தட்டில் ஏந்தி நின்றவருக்குக் கைதான் வலித்தது.

ஆட்டோ கொண்டுவந்த சொள்ளமுத்து, கயிற்றை அவிழ்த்த நல்லமாடன், உண்மையைச் சொன்ன செல்லக்கனி. மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் தங்கப்பழம் பிழைத்திருக்க மாட்டார். நீங்கள் சொல்லுங்கள், பரிவட்டம் யாருக்கு உரியது?

விடை: நல்லமாடனுக்கு. இதை நான் சொல்லவில்லை, செல்லக்கனியே அங்கே சொன்னாள். "எனக்கு எம்புருசன் கெடச்சாரு. சொள்ளமுத்து அண்ணாச்சிக்குக் காலு மிஞ்சுச்சு. பூசாரிக்கு என்ன கெடச்சுது? இருந்த பேரும்லா போச்சு." எல்லாருக்கும் பரிவட்டம் கட்டிவிடுவது பூசாரி வேலை. பூசாரிக்குக் கட்டிவிட அந்த ஊரில் ஆள் கிடையாது. அதனால் செல்லக்கனியே கட்டிவிட்டாள். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நல்லமாடன் அதைச் சரிசெய்யாமல் அப்படியே வீடு வரைக்கும் நடந்து போனார்.